காலையில் 'வீட்டுக்குப் போகலாம்', கிளம்பியது இருட்டிய பிறகு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் என் அம்மாவை (வயது 79, சர்க்கரை உண்டு) நிமோனியாவுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். வைத்தியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆறாம் நாள் காலை ஒன்பதரைக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "பாட்டி, இன்னிக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார். அம்மா உடனே சுங்குடிச் சேலைக்கு மாறி, தலை வாரி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் வாசலைத் தாண்டியபோது இரவு ஏழு மணி.

டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகவில்லை, டைப் ஆனால் கையெழுத்துப் போட டாக்டர் ஓ.பி.யில் இருக்கிறார், மிஞ்சிய மருந்தை பார்மசியில் திருப்பிக் கணக்கு முடிக்க வேண்டும் என்று இழுத்து, இன்சூரன்ஸுக்கு பில் போனதே மதியம் இரண்டரைக்கு. டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் கம்பெனி ஒப்புதல் தர வேண்டும், தாமதத்தால் ஏறும் கட்டணத்தை கம்பெனியே ஏற்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையம் 2024 மே மாதம் சுற்றறிக்கை விட்டது. நல்ல விதிதான், எங்களுக்கும் ஐந்தரைக்குள் ஒப்புதல் வந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று மணி நேரம் மருத்துவமனை கோரிக்கை அனுப்பிய பிறகுதானே ஓடத் தொடங்குகிறது? அதற்கு முன் போன ஐந்து மணி நேரம் யார் கணக்கு?

மதியச் சாப்பாடு வரவில்லை. கேட்டால், "டிஸ்சார்ஜ் போட்டாச்சு, டயட் கேன்சல் ஆயிடுச்சு" என்கிறார் நர்ஸ். பில் கட்டினால்தான் எடுப்பார்களாம் என்று கையில் மருந்து ஏற்றக் குத்திய வென்ஃப்ளான் ஊசி அப்படியே இருந்தது, அதனால் நான் கேன்டீனில் வாங்கி வந்த தயிர்சாதத்தை நானே ஊட்டினேன். ஐந்து மணி வாக்கில் அம்மா என்னைப் பார்த்து, "இது எந்த ஊருப்பா?" என்று கேட்டார். வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரியில் இப்படிக் குழப்பம் வருவது டாக்டர்களுக்குத் தெரியாததா? படுக்கையிலேயே கிடந்தால் காலில் பலம் போய்விடும், புதிதாகத் தொற்றும் வரலாம், அதுவும் அவர்களுக்குத் தெரிந்ததுதான். இத்தனைக்கும் கீழே எமர்ஜென்சியில் வார்டில் கட்டில் கிடைக்காமல் ஒருவர் ஸ்ட்ரெச்சரிலேயே காத்திருந்தார்.

நாளை அனுப்பலாம் என்பது பெரும்பாலும் முந்தின நாளே தெரிந்துவிடுகிறது. சம்மரியையும் மருந்துக் கணக்கையும் அன்று சாயங்காலமே முடித்து வைத்தால் என்ன? அதுவும் முடியாதென்றால், கிளம்பும் வரை அந்தப் பாட்டிகளுக்கு ஒரு வேளை சோறாவது போடுங்கள் சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை