கிணற்றடிப் போத்தல்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
பங்குனி 12

அன்பின் மச்சான்,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதத் தேவையில்லை. நீ அனுப்புகிற படங்களில் உன் வயிறே முன்னுக்கு வந்து சுகம் சொல்லுகிறது. இங்கே இவள் சுகம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. பூனை மாஸ்டர் இன்னும் சைக்கிள் ஓடுகிறார். உன்னை இன்னும் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்.

இரண்டு மாதமாக நீ எடுக்கும்போதெல்லாம் சிக்னல் இல்லை என்று பொய் சொன்னேன். சிக்னல் நன்றாகவே இருந்தது. சொல்ல வேண்டியதைத் தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை. வட்ஸ்அப்பில் எழுதினால் உன் மனிசி வாசித்து, பின்னேரத்துக்குள் கனடாவில் ஸ்காபரோ முழுக்கத் தெரிந்துவிடும். கட்டையனின் மகள் வெள்ளிக்கிழமை பறக்கிறாள் என்று கேள்விப்பட்டுத்தான் பேனையை எடுத்தேன். உறையை ஒட்டித்தான் கொடுக்கிறேன். பிரிந்து வந்தால் அது அந்தப் பரம்பரைக் குணம்.

சரி, விஷயம் இதுதான். போத்தல் கிடைத்துவிட்டது.

தை மாதம் கிணற்றுக் கட்டு ஒரு பக்கம் இறங்கிவிட்டது. உடைத்துக் கட்டுவதற்கு ஒரு பொடியனைப் பிடித்தேன். துவைக்கிற கல்லைப் பிரட்டிவிட்டு அலவாங்கு போட்டான். 'டங்' என்று ஒரு சத்தம். "மாஸ்டர், செல்குண்டு!" என்று கத்தினவன் அலவாங்கைப் போட்டுவிட்டு வேலிக்கு வெளியே போய் நின்றான். நானும் ஓடத்தான் பார்த்தேன், முழங்கால் விடவில்லை. எட்டிப் பார்த்தால் ஹோர்லிக்ஸ் போத்தலின் மூடி. 2008இல் இடம்பெயர முன்னம் நம் பவுண் காசுகளைப் போட்டு நானே மெழுகு உருக்கி அடைத்த மூடி.

2010இல் திரும்பி வந்தபோது நான் தோண்டிய குழிகளில் இரண்டு வாழைத்தோட்டம் போட்டிருக்கலாம். பாலைமரத்திலிருந்து வடக்கே ஏழு கவடு என்பதுதான் என் கணக்கு. வந்து பார்த்தால் மரமும் இல்லை, அடிக்கட்டையும் இல்லை. வளவு முழுக்க டோசர் ஓடியிருந்தது. இல்லாத மரத்திலிருந்து எப்படியடா கவடு வைப்பது? கடைசியில் பார்த்தால் நான் குறித்த இடத்துக்கும் போத்தல் கிடந்த இடத்துக்கும் பத்தடி கூட இல்லை. பத்து வருசம் அதற்கு மேலே நின்றுதான் இவள் உடுப்புத் துவைத்திருக்கிறாள்.

பொடியனிடம் அப்புவின் பழைய மருந்துப் போத்தல் என்று சொன்னேன். நம்பினானோ தெரியாது. பவுண் மூன்று இலட்சத்தைத் தாண்டின பிறகு, தங்கம் என்ற சொல் காதில் விழுந்தாலே இரவில் மண்வெட்டி வரும். புதுக்குடியிருப்புப் பக்கம் நீதிமன்ற அனுமதி எடுத்து இயந்திரத்தால் தோண்டின கதையெல்லாம் உனக்கும் செய்தியில் வந்திருக்கும்.

அன்றிரவு கதவைப் பூட்டி, குப்பி விளக்கு வெளிச்சத்தில் திறந்தேன். (கரண்ட் இருந்தது. ஏனோ லைட்டைப் போட மனம் வரவில்லை.) பவுண் காசுகள் நேற்று வைத்த மாதிரிப் பளபளவென்று இருந்தன. தங்கத்துக்கு மண்ணும் ஒன்றுதான், மாடமும் ஒன்றுதான். வெள்ளி ரூபாய்கள்தான் பாவம். விக்டோரியா ரூபாய் ஆறையும் நான் இறப்பர் வளையம் போட்டுக் கட்டி, சொப்பிங் பைக்குள் சுற்றி வைத்திருந்தேன். இறப்பரில் கந்தகம் இருக்கிறது, வெள்ளியைக் கறுக்க வைப்பதும் அதுதான். முப்பது வருசம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்த ஆள் செய்த வேலையைப் பார். காசின் மேல் வளையம் கிடந்த தடம் கரிக்கோடு மாதிரி நிற்கிறது. விடியமுன் இவள் எழும்பி, புளியும் சாம்பலும் போட்டு இரண்டைத் தேய்த்து, "பாருங்கோ, புதுசு மாதிரி" என்று கொண்டுவந்து நீட்டினாள். இராணியின் மூக்கு மழுங்கிப் போச்சு. பழைய காசு சேர்க்கிறவன் கறுத்த காசுக்குக் கொடுக்கிற விலையைத் தேய்த்த காசுக்குக் கொடுக்க மாட்டான். மற்ற நாலையும் பறித்துத் தனித்தனிக் கடதாசியில் மடித்து வைத்திருக்கிறேன். உனக்குத்தான் சொல்கிறேன், அங்கே வாங்கிப் போடுகிற மலிவுப் பிளாஸ்டிக் உறையும் கூடாது. பி.வி.சி. நாளாக நாளாகக் கசிந்து காசில் பச்சைப் பிசின் மாதிரிப் படியும்.

பிறகு ஒரு விளையாட்டு. மகள் அனுப்பின சின்னத் தராசு ஒன்று இருக்கிறது, 0.01 கிராம் காட்டும். பவுண் காசு ஒவ்வொன்றும் 7.98, தேய்ந்தது ஒன்று 7.94. நம் கடைக்காரரின் பவுண் எட்டுக் கிராம், இங்கிலாந்துப் பவுண் அதைவிட ஒரு இம்மி குறைவு. உன் அப்பு மலாயாவிலிருந்து பென்சனோடு கொண்டுவந்தவை அசலோ என்று நீ சந்தேகப்பட்டாயே, அதற்கும் சோதனை வைத்தேன். தராசில் ஒரு குவளை தண்ணீரை வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, காசை நூலில் கட்டி அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். 0.46 என்று காட்டியது. 7.98ஐ அதால் வகுத்தால் அடர்த்தி பதினேழரைக்குக் கிட்ட வரும், 22 கரட்டுக்கு அதுதான் கணக்கு. அதே நிறையில் பித்தளை என்றால் 0.94 காட்டியிருக்கும். ஆர்க்கிமிடீசுக்குப் பிறகு இந்தச் சந்தோசம் எனக்குத்தான். ஆனால் உடுப்போடு இருந்தேன்.

எங்கே வைப்பது என்பது அடுத்த பாடு. முதலில் அரிசிப் பானை. பிறகு இவள் எனக்குச் சொல்லாமல் நெல் மூட்டைக்குள் மாற்றினாள். பிறகு நான் அவளுக்குச் சொல்லாமல் நெல்லை விற்க லொறியை வரச்சொன்னேன். மூட்டை ஏறின பிறகு அவள் போட்ட சத்தத்தில் லொறிக்காரன், யாரோ செத்துப்போச்சு என்று நினைத்துவிட்டான். அடுத்த நாளே நகரத்தில் ஒரு வங்கி லொக்கரில் கொண்டுபோய் வைத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது, களவு போனால் எதற்கு ஈடு கேட்பது? அதனால் ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் படமெடுத்து, வருசம், நிறை, விட்டம் எல்லாம் கொப்பியில் எழுதியிருக்கிறேன். கொப்பியை லொக்கருக்குள் வைக்கவில்லை, அந்த அளவுக்கு மூளை இருக்கிறது.

இப்போது உண்மையான தலையிடி. எங்களுக்கு விசா சரிவந்தது உனக்குத் தெரியும், ஆவணியில் மகளிடம் வந்து இறங்குகிறோம். "எல்லாத்தையும் வித்துப்போட்டு வாங்கோ அப்பா" என்கிறாள் அவள். விற்றால் பத்தர் உருக்குவார், கழிவு வெட்டுவார். அங்கே வந்து திரும்ப வாங்கலாம் என்றால், கனடாவில் 99.5 வீதத்துக்குக் குறைந்த தங்கத்துக்கு விற்பனை வரி விலக்கு இல்லையாம். பவுண் காசு 91.67 வீதம்தானே. ஒன்ராறியோவில் 13 வீதம் அழ வேண்டும். இங்கே கழிவும் அங்கே வரியும் போனால் மிச்சம் என்னடா?

சாமான்களோடு கப்பலில் போடலாமா என்று கேட்டேன். பொதி அனுப்புகிறவர்கள் காசு, நகை என்றதும் கையை விரிக்கிறார்கள், காப்புறுதியும் அதை மூடாது. தபால் கதையே வேண்டாம். காப்புறுதி இல்லாத தபாலில் காசும் தங்கமும் வைக்கக்கூடாது என்பது சர்வதேசத் தபால் விதி. விமானத்தில் பெரிய பெட்டிக்குள் போட்டு அது தொலைந்தால், விமானக் கம்பனி ஆளுக்கு 1,519 எஸ்.டி.ஆர். (அது ஒரு சர்வதேசக் கணக்கு அலகு) வரைதான் பொறுப்பு, ஏறக்குறைய ஒரு காசு இரண்டு காசின் பெறுமதி. அதிலும் பெட்டிக்குள் பெறுமதியான பொருள் வைக்காதே என்று டிக்கெட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே கைப்பைதான். பவுண் எல்லாம் சேர்த்து எண்பது கிராம், ஒரு சவர்க்காரக் கட்டி கூட இல்லை. ஸ்கானரில் அடுக்கி வைத்த காசு கறுப்புக் கட்டியாகத் தெரிந்து கூப்பிடுவார்கள். அப்போது நாலு பேருக்கு முன்னால் பரப்பாமல், தனி அறையில் பாருங்கோ என்று கேட்க வேண்டும். கட்டுநாயக்க சுங்கத்துக்கு விபரம் எல்லாம் எழுதி எழுத்தில் பதில் கேட்டிருக்கிறேன். வாய்ச்சொல்லை நம்பி இந்த வயதில் விமான நிலையத்தில் நின்று விளக்கம் சொல்ல என்னால் முடியாது.

இவளின் யோசனையைக் கேள். "தாலிக்கொடியில் ஏற்கனவே இரண்டு பவுண் தொங்குதுதானே, மிச்சத்தையும் கோர்த்துவிடுங்கோ, கழுத்தில் போட்டுக்கொண்டே வாறன்." வளையம் ஒட்டினால் காசு காசாக இருக்காது, வெறும் தங்க நிறைதான். அதோடு அவளைப் பார்த்தால் காசுமாலை போட்ட அம்மன் மாதிரி இருக்கும், சுங்கத்தில் கும்பிட்டுவிட்டுத்தான் விடுவார்கள்.

கனடாவில் இறங்கினதும் கொடுக்க வேண்டிய பட்டியல் ஒன்று இருக்கிறது, பி.எஸ்.எவ். 186 என்று படிவம். கையில் வருவது ஒரு பக்கம், பிறகு வரப்போவது ஒரு பக்கம். முதல் நாள் எழுதாததைப் பிறகு சேர்க்க விடமாட்டார்கள். குடியேறுகிறவன் தன் சொந்தப் பொருளை, வர முன்னமே தன் கையில் இருந்து பாவித்த பொருளைத்தான் அதில் எழுதலாம். ஒரு வருசத்துக்குள் விற்கவோ கொடுக்கவோ கூடாது, கொடுத்தால் வரி.

தன் சொந்தப் பொருள். இந்த இடத்தில்தான் மச்சான் எனக்கு நித்திரை போனது.

போத்தலுக்குள் பதினொன்று வைத்தோம் என்று உனக்குத் தெரியும். ஐந்தாம் ஜோர்ஜ் போட்ட ஆறும் என்னுடையது. உன் அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவந்து தந்தது ஐந்து. முக்காடு போட்ட விக்டோரியாக் கிழவி நாலு, 1918 பம்பாய்க் காசு ஒன்று. குதிரையின் காலடியில் ஒரு சின்ன 'ஐ' எழுத்து இருக்கிறதே, அதைப் பார்க்கப் பூனை மாஸ்டரின் பூதக்கண்ணாடியைக் களவெடுத்து அடி வாங்கினாயே, அதே காசு. பம்பாயில் பவுண் அடித்தது அந்த ஒரு வருசம்தான். பயப்படாதே, அது இருக்கிறது.

போத்தலில் இப்போது பத்துத்தான்.

போத்தலைப் புதைத்த இரவு, இடம்பெயர்ந்து தர்மபுரத்துக்கு வெளிக்கிட முன்னம், இருட்டுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துச் சாரத்தின் மடிப்பில் வைத்துத் தைத்தேன். அவசரத்துக்கு என்று. யாருடையது என்று பார்க்கவில்லை. விசுவமடு, மாத்தளன், அங்கேயெல்லாம் அதை எடுக்கவில்லை, அங்கே தங்கத்துக்கு வாங்க ஒன்றும் இருக்கவும் இல்லை. மனிக் பாம் முகாமில் மகளுக்குக் காய்ச்சல் ஏறின கிழமை தையலைப் பிரித்தேன். கையில் வந்தது முக்காடு போட்ட கிழவி. உன் அம்மா அடுத்த கூடாரத்தில் இருந்தா. போய்க் கேட்டிருந்தால் மறு பேச்சில்லாமல் தந்திருப்பா. நான் கேட்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவனிடம் ஒன்பதாயிரத்துக்குக் கொடுத்தேன்.

நீ அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிட்ட பிறகு அங்கேயிருந்து ஒரே ஒரு தரம் கேட்டா. "போத்தல் எடுத்தியளோ தம்பி?" "மண்ணோடு போச்சு அம்மா" என்றேன். மண்ணோடு போனது பத்து. ஒன்று என்னோடு போனது. "உயிர் வந்ததே காணும்" என்று சொல்லிவிட்டு இவளைச் சுகம் கேட்டா. பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவவின் செத்தவீட்டை நான் இங்கே போனில் பார்த்தேன். உனக்கும் அப்போது சொல்லவில்லை.

என்னுடையதில் ஒன்று உனக்கு. ஜோர்ஜ்தான், கிழவி இல்லை, ஆனால் நிறை தேயாதது. தேய்ந்ததை நான் வைத்துக்கொள்கிறேன். வேண்டாம் என்று சொல்லாதே, அதற்குப் பதில் சொல்ல என்னிடம் சொல் இல்லை.

ஆனால் உன் ஐந்தையும் நான் கொண்டுவரப் போவதில்லை. உன் பொருளை என் சொந்தப் பொருள் என்று எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன். அம்மாவிடம் சொன்ன ஒரு பொய் போதும். எண்பத்தெட்டில் போனவன், ஒரு தரம் கூட வளவுக்குள் கால் வைக்கவில்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். அம்மா ஒரு வருசமும் விட்டதில்லை. அதற்கு வா, லொக்கருக்கு இரண்டு பேருமாகப் போவோம். பிறகு கொண்டுபோவதோ விற்பதோ உன் பாடு. கொண்டுபோவதென்றால் அங்கே சுங்கத்தில் சொல்லு, வாயைப் பொத்திக்கொண்டு நடந்துவிடாதே.

இன்னொன்று. பூநகரிக் கரையில் நீ பொறுக்கின செப்புக்காசும் போத்தலுக்குள்தான் கிடந்தது. பச்சை பிடித்திருக்கிறது, ஆனாலும் மாடும் அதன் கீழே 'சேது'வும் விரலுக்குத் தெரிகிறது. அதை நீ வந்தாலும் தரமாட்டேன். 1815 மார்ச் 2க்கு முந்தின பொருள் தொல்பொருள், அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே போகக்கூடாது. யாழ்ப்பாணத்து மன்னர்களின் காசுக்கு ஸ்காபரோ அடித்தள அறையில் என்ன வேலை? நாங்கள் இரண்டு பேரும் கொண்டுபோய் யாழ்ப்பாண நூதனசாலையில் கொடுப்போம். உன் பெயரை எழுதச் சொல்லிச் சண்டை பிடிக்காதே.

பதிலை வட்ஸ்அப்பில் விரிக்க வேண்டாம். 'பொங்கலுக்கு வாறன்' என்று மட்டும் போடு. உன் மனிசி பக்தி வந்துவிட்டது என்று நினைக்கட்டும்.

உன்,
மாஸ்டர்