முற்றத்தில் இறங்க மறுக்கும் மகளின் அம்மாவுக்கு

அன்புள்ள தங்கச்சி,

மகளுக்கு 14 வயது, தரம் 9 படிக்கிறாள், பள்ளிக்கூடமும் ரியூசனும் முடிந்தால் போனோடு கட்டில்தான், எழும்பி நடக்கச் சொன்னால் எரிந்து விழுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். "சோம்பேறி" என்ற சொல் உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் வருகிறது. அந்தச் சொல்லை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பேசுவோம்.

பத்து வயதில் அவள் எப்படி இருந்தாள் என்று யோசித்துப் பாருங்கள். மாமரத்தில் ஏறியிருப்பாள், ஒழுங்கை முழுக்கச் சைக்கிள் ஓடியிருப்பாள். சாமத்தியவீடு முடிந்த கையோடு எல்லாம் மாறியது. "பெரியபிள்ளை ஆனபிறகு என்ன ஓட்டம்?", "வெயிலுக்கை நிண்டு கறுக்காதை", "ஒழுங்கையிலை நிக்காதை, சனம் பார்க்கும்." வீடும் அயலும் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் அவளை இருத்திப் பழக்கினோம். நன்றாகப் பழகிவிட்டாள். இப்போது திடீரென்று எழும்பி ஓடு என்றால் அவளுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்?

உங்கள் வீட்டில் மட்டும் இப்படி இல்லை. 146 நாடுகளின் 2016 வரையான தரவுகளை உலக சுகாதார நிறுவனம் பார்த்தபோது, 11 முதல் 17 வயது வரையானவர்களில் 81 வீதமானோர் போதிய அளவு உடலை அசைக்கவில்லை. பெண்பிள்ளைகளில் அது 85 வீதம். "போதிய அளவு" என்பது ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு. அதில் கிழமைக்கு மூன்று நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வேலை தரும் அசைவு இருக்க வேண்டும். இந்த 60 நிமிடத்தை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. காலையில் 15, பின்னேரம் 20 என்று துண்டு துண்டாகச் சேர்த்தாலும் கணக்குத்தான்.

எலும்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்குக் காலக்கெடு இருக்கிறது. ஒரு பெண் வாழ்நாள் முழுவதும் சுமக்கப்போகும் எலும்பின் பலத்தில் கிட்டத்தட்ட 90 வீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. பாய்வது, துள்ளுவது, காலை அடித்து ஆடுவது போன்ற அதிர்வுதான் எலும்பைக் கட்டும். இப்போது விட்டதை 30 வயதில் பிடிப்பது கடினம்.

ஆனால் இதை அவளிடம் சொல்ல வேண்டாம். 14 வயதுப் பிள்ளைக்கு 60 வயது எலும்பு பெரிய விஷயமாகப் படாது. உடம்பு பருமனைப் பற்றியும் ஒரு சொல் வேண்டாம். "குண்டாகிறாய்", "மாமியின்ர மகளைப் பார், எவ்வளவு வடிவா இருக்கிறாள்" என்று கேட்டு வளரும் பிள்ளை உடற்பயிற்சியை வெறுக்கவும் ஒளித்துச் சாப்பிடவும் பழகும். நடை, ஓட்டம் எதையும் தண்டனையாகவும் வைக்க வேண்டாம். தர்ஜினி சிவலிங்கத்தை உதாரணம் காட்டுவதையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள். புன்னாலைக்கட்டுவனில் பிறந்து, 2018இல் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடியவர்; எங்கள் எல்லோருக்கும் பெருமைதான். ஆனால் நூறு மீற்றரில் கடைசியாக வந்த பிள்ளைக்கு அந்தப் பெயர் "இது எனக்குரியதில்லை" என்ற எண்ணத்தைத்தான் உறுதிப்படுத்தும்.

உடற்பயிற்சி பற்றி வாயைத் திறக்கும் முன் அவளுடைய இரத்தத்தைப் பரிசோதியுங்கள். மாதவிடாய் தொடங்கிய பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவது மிகச் சாதாரணம். படி ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், பின்னேரமானால் படுத்துவிடத் தோன்றும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது சோம்பலாகத் தெரியும். ஹீமோகுளோபின் 12இற்குக் கீழே இருந்தால் அது இரத்தச்சோகை. வைத்தியர் சொல்கிறபடி குளிசை எடுக்க வேண்டும். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது: சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுப்பதை நிறுத்தி, ஒரு மணித்தியாலம் கழித்துக் கொடுங்கள். தேயிலை இரும்பை உடம்பில் சேர விடாது. முருங்கையிலை வறைக்குத் தேசிக்காய் பிழிந்து விட்டால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

அடுத்தது உடுப்பு. இதைப் பிள்ளை தானாகச் சொல்லாது, நீங்கள்தான் கேட்க வேண்டும். சாதாரண உள்ளாடையோடு ஓடினால் மார்பு நோகும், யாரோ பார்க்கிறார்கள் என்ற கூச்சமும் சேரும். பல பிள்ளைகள் விளையாட்டை விட்டதற்கு இந்த ஒரு காரணமே காணும். ஸ்போர்ட்ஸ் பிறா இரண்டு வாங்குங்கள், ஒன்று தோய்த்துக் காயும்போது மற்றது இருக்க. கீழ்ப்பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இடம் இருந்தால் தளர்வு. போட்டுப் பார்க்கும் இடத்திலேயே பத்துத் தரம் துள்ளச் சொல்லுங்கள். முதுகுப் பக்கம் பட்டி மேலே ஏறினால் அளவு பெரிது. கடும் நிற லோங்ஸ் ஒன்றும் நீளமான ரீசேர்ட் ஒன்றும் இருந்தால் மாதவிடாய் நாட்களிலும் பயம் இருக்காது. அந்த நாட்களில் உடம்பை அசைப்பதால் கெடுதல் எதுவும் இல்லை, பலருக்கு வயிற்றுநோ குறையும்.

இனிச் சைக்கிள். இதில்தான் உங்களுக்கு அதிக இலாபம் இருக்கிறது, ஏனென்றால் அவள் ஏற்கெனவே ஓடுகிறாள். பள்ளிக்கூடம் 3 கிலோமீற்றர், ரியூசன் வேறு என்று எழுதியிருந்தீர்கள். போய்வர ஒரு நாளைக்கு 30 நிமிடம் வரும். 60இல் பாதி கையில் இருக்கிறது! பிறகு ஏன் வீட்டுக்கு வந்ததும் களைத்து விழுகிறாள்? அவளை ஏற்றிவைத்துச் சீற்றின் உயரத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளின் சைக்கிள்களில் முக்கால்வாசிக்குச் சீற் பதிவாகத்தான் இருக்கும். விழுந்துவிடக் கூடாது, இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாக முட்ட வேணும் என்று நாங்களே இறக்கிவிடுகிறோம். அப்படி ஓடும்போது முழங்கால் மடிந்தபடியே உழக்க வேண்டும். தொடை எரியும், முழங்கால் சில்லுக்கு முன்னால் நோகும்.

சரியான உயரத்தைக் கண்டுபிடிக்கும் வழி இது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீற்றில் இருக்கட்டும். ஒரு பெடலை ஆகக் கீழே கொண்டுவந்து, அதன்மேல் குதிக்காலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு வழமைபோலப் பாதத்தின் முன்பகுதியால் உழக்கும்போது முழங்கால் இலேசாக மட்டும் மடியும். நிற்கும்போது ஒரு காலின் விரல்கள் நிலத்தில் முட்டினால் போதும். ஒரேயடியாக உயர்த்தினால் பயந்துவிடுவாள். கிழமைக்கு ஒரு சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். சீற் தண்டில் ஒரு கோடு கீறியிருக்கும், அது வெளியே தெரியும் அளவுக்கு இழுக்கக் கூடாது. தண்டு முறிந்துவிடும்.

ரயரை இரண்டு பெருவிரலாலும் அமத்திப் பாருங்கள். இலகுவாக அமிழ்ந்தால் காற்றுக் காணாது. எவ்வளவு அடிக்கலாம் என்று ரயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். காற்றுக் குறைந்த ரயரோடு ஒழுங்கையில் உழக்குவது இன்னொருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓடுவதற்குச் சமம். செயினைப் பழந்துணியால் துடைத்துத் தையல் மெசின் எண்ணெய் சில துளி விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது செயினுக்குரியதில்லை. புத்தகப்பையைத் தோளில் போடாமல் கரியரில் கட்டச் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் மலை இல்லை, தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றுத்தான் மலை. மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை அந்தக் காற்று முகத்தில் அடிக்கும்போது ஐந்து கிலோமீற்றர் பத்தாகத் தெரியும். சனி, ஞாயிறு பின்னேரத்தில் பண்ணைக் கடற்கரைப் பக்கம் போவதென்றால், போகும்போது எதிர்க்காற்றும் திரும்பும்போது பின்காற்றும் வரும்படி பாதையைத் தெரியுங்கள். களைத்த பிறகு எதிர்க்காற்றில் வீடு வரவேண்டியிருந்தால் அடுத்த கிழமை வரமாட்டாள். எந்தப் பாதையால் போவது என்பதை அவளோடு இருந்து பேசித் தீர்மானியுங்கள். எந்தச் சந்தியில் பெடியள் நின்று நக்கல் அடிக்கிறார்கள் என்று அவளுக்குத்தான் தெரியும். "அதுகளைக் கணக்கெடுக்காதை" என்று தட்டிவிடாமல் அந்தச் சந்தியைச் சுற்றிப் போகும் பாதையைத் தேடுங்கள்.

வெளியே இறங்கவே மாட்டேன் என்றால் வளவுக்குள் செய்ய இரண்டு வழி இருக்கிறது. ஒன்று கயிறடித்தல். 8 மில்லிமீற்றர் நைலோன் கயிறு இரண்டரை மீற்றர் வாங்குங்கள். நடுவில் அவள் ஒரு காலால் மிதித்து நிற்க, இரண்டு முனையும் அக்குள் வரை வர வேண்டும். மிச்சத்தை வெட்டிவிடுங்கள். அரை அங்குலப் பிவிசி குழாயில் 12 சென்ரிமீற்றர்த் துண்டு இரண்டு வெட்டி, கயிற்றைக் கோத்து முடிச்சுப் போட்டால் கைபிடி ஆயிற்று. சீமெந்துத் தரையைவிட இறுகிய முற்றத்து மண் நல்லது. குருமணல் சரிவராது, கணுக்கால் சுளுக்கும்.

முதல் கிழமை 20 விநாடி அடித்து 40 விநாடி ஓய்வு, இப்படி 8 தரம், கிழமைக்கு மூன்று நாள். அவ்வளவுதான். இரண்டாம் கிழமை 10 தரம். மூன்றாம் கிழமை 30 விநாடி அடி, 30 விநாடி ஓய்வு. கயிறு அடிக்கடி காலில் தட்டினால் கைகளைப் பார்க்க வேண்டும். களைக்கக் களைக்கக் கைகள் அகலும், கயிறு கட்டையாகும். முழங்கையை இடுப்போடு ஒட்டவைத்து மணிக்கட்டால் மட்டும் சுழற்றச் சொல்லுங்கள். கயிறு போகும் அளவுக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் துள்ளினால் காணும். உயரப் பாய்ந்து குதிக்காலில் விழுந்தால் கெண்டைக்கால் முன்னெலும்பு நோகத் தொடங்கும்.

இரண்டாவது, அவள் ஏற்கெனவே படித்தது. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை எடுத்துவிட்டுப் பரதத்தை நிறுத்திவிட்டாள் என்றீர்கள். முழங்காலை மடித்துப் பாதி இருக்கும் அரைமண்டியில் இருந்து, காலைத் தட்டி ஆடும் தட்டடவை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், பத்து நிமிடம் செய்தால் தொடைத்தசைக்கும் இதயத்துக்கும் எலும்புக்கும் ஒன்றாக வேலை நடக்கும். இதை விடச் சிறந்த உடற்பயிற்சியை நான் உங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து தர முடியாது. ஒன்றை மட்டும் கவனிக்கட்டும்: அரைமண்டியில் முழங்கால் பாதவிரல் நோக்கும் திசையிலேயே மடிய வேண்டும், உள்ளே சாயக் கூடாது. அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு போனில் வேறு பாட்டுப் போட்டு ஆடினாலும் தடுக்காதீர்கள். போன் அப்போது உங்கள் பக்கம்.

நேரம்? விடியக் காலை 5 மணிக்கு எழுப்பி ஓடவிடும் யோசனையை விடுங்கள். இந்த வயதில் உடம்பின் மணிக்கூடே பின்னுக்குத் தள்ளிப்போகும், இரவு நித்திரை பிந்தித்தான் வரும். 8 முதல் 10 மணித்தியாலம் நித்திரை வேண்டும். நித்திரையை வெட்டி உடற்பயிற்சி கொடுத்தால் இரண்டு கிழமைக்குள் இரண்டும் போகும். பகல் 11இலிருந்து 3.30 வரை வெயில் சரிவராது. ரியூசனால் வந்ததும், கட்டிலில் சாயும் முன், ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, அந்தப் பத்து நிமிடம்தான் உங்களுக்குக் கிடைத்த நேரம். கட்டிலில் சாய்ந்த பிள்ளையை எழுப்புவதற்குச் சண்டை பிடிக்க வேண்டும், சாயாத பிள்ளைக்கு ஒரு சொல் போதும். பரீட்சைக் காலத்திலும் முழுதாக நிறுத்தாமல் பத்து நிமிடத்தை வைத்திருங்கள். இடையில் உடம்பை அசைத்துவிட்டு இருந்தால் கவனம் கூடும், குறையாது.

முதல் கிழமை "கால் நோகுது" என்பாள். தொடங்கி ஒன்றிரண்டு நாளில் வரும் தசைநோ தானாகப் போய்விடும், மறுநாள் மெதுவாக நடந்தால் கொஞ்சம் இலகுவாக இருக்கும். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு முண்டை அமத்தும்போது நொந்தால் அது வேறு. வளரும் வயதில் தசைநார் எலும்பை இழுப்பதால் வருவது. சில கிழமை பாய்வதைக் குறைத்துச் சைக்கிளோடு நிற்கட்டும். ஓடும்போது நெஞ்சு நோவு, மயக்கம், மூச்சிழுப்பு வந்தால் அன்றே நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

பள்ளிக்கூடத்தில் தை, மாசி இல்ல விளையாட்டுப் போட்டியோடு பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிடும். வெல்லக்கூடிய பிள்ளைகளைத்தான் பொறுக்குவார்கள், மற்றவர்கள் கூடாரத்தில் இருந்து கைதட்டுவார்கள். எனக்கு இதில் மிகுந்த மனவருத்தம் இருக்கிறது. விளையாட்டு ரீச்சரிடம் போய், அணியில் போடத் தேவையில்லை, வலைப்பந்துப் பயிற்சிக்கு மட்டும் அவளும் ஒரு சிநேகிதியும் வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். சிநேகிதி முக்கியம், தனியே போகமாட்டாள். விடுமுறையில் மச்சாள், மச்சான்மார் வந்தால் முற்றத்தில் கோடு கீறிக் கிளித்தட்டு ஆடவிடுங்கள். நீங்களும் இறங்குங்கள், பெரியாக்கள் ஓடுவதைக் கண்டால் பிள்ளைகளின் கூச்சம் போய்விடும்.

ஒரு நாள் "இண்டைக்கு ஏலாது" என்பாள். "சரி, ஒழுங்கை முடியுமட்டும் என்னோட நடந்திட்டு வா" என்று கேளுங்கள். அதற்கும் மாட்டேன் என்றால் ஒன்றும் சொல்லாமல் நீங்கள் மட்டும் நடந்துவிட்டு வாருங்கள். அடுத்த நாள் அதே நேரத்துக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு படலையடியில் நின்று ஒரே ஒரு தரம் அவளைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
அக்கா