தேக்காவில் நீ சொன்னது பற்றி

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் தேநீர் குடிக்கும்போது பாக்தாத் குண்டுவெடிப்புகள் பற்றிப் பேச்சு வந்தது. "அவங்க காலங்காலமா அடிச்சிக்கிறவங்கதானே மாமா" என்று சொல்லிவிட்டு நீ கைப்பேசிக்குள் போய்விட்டாய். சுற்றி ஆட்கள் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாளாக மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

பாக்தாத்தில் எத்தனையோ தெருக்களில் சன்னி, ஷியா என்ற இரண்டு முஸ்லிம் பிரிவினரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் இருந்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். 2003 அமெரிக்கப் படையெடுப்புக்குப் பிறகு, அதைப் பிரித்தே தீர வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. அங்கே சன்னி ஆயுதக் குழு ஒன்றை நடத்திய ஸர்காவி எழுதியது என்று 2004இல் அமெரிக்கர்கள் வெளியிட்ட கடிதத்தில் அந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது: ஷியாக்களை அடித்தால் அவர்கள் திருப்பி அடிப்பார்கள், அப்புறம் சன்னிகள் நம் பின்னால் வருவார்கள். காலங்காலமான பகை என்றால் அதை மூட்டிவிட இத்தனை வெடிமருந்து எதற்கு?

2006 பிப்ரவரி 22 அன்று இராக்கின் சமாரா நகரில் ஷியாக்களின் புனிதத் தலத்துப் பொன் கூரையைத் தகர்த்தார்கள். அதற்குப் பிறகு பாக்தாத்தில் உமர் என்று சன்னிப் பெயர் இருந்தாலே சோதனைச் சாவடியில் உயிர் போகலாம் என்ற நிலைமை இருந்தது. இரண்டு பெயரில் இரண்டு அடையாள அட்டை வைத்துக்கொண்டு நடமாடியவர்கள் இருந்தார்கள்.

பாக்தாத்தின் சத்ரியா சந்தையை மட்டும் சொல்கிறேன். 2007 பிப்ரவரி 3, சனிக்கிழமை. சாயங்காலம் வீட்டுக்குச் சாமான் வாங்கும் நேரம். லாரியில் வந்த குண்டு 130க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. உன் அம்மா தேக்கா ஈரச்சந்தையில் மீன்காரரிடம் பேரம் பேசுவதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார். ஏப்ரல் 18 அன்று அதே சந்தையில் மறுபடியும் குண்டு. இடிந்ததைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த கூலியாட்களும் அதில் செத்தார்கள். இதை எழுதும்போது கை நடுங்குகிறது, தம்பி.

நம் ஊரில் 1964 ஜூலைக் கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள். அதைக் காட்டி, "சிங்கப்பூரில் சீனரும் மலாய்க்காரரும் பிறவி எதிரிகள்" என்று எவனாவது சொன்னால் நீ சும்மா இருப்பாயா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2005 ஆகஸ்ட் 31 அன்று பாக்தாத்தின் அல் அயிம்மா பாலத்தில் ஷியா யாத்திரிகர்கள் நெருக்கியடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் தற்கொலைக் குண்டுதாரி இருக்கிறான் என்று ஒரு வதந்தி. குண்டே வெடிக்கவில்லை, நெரிசலில் மிதிபட்டும் டைகிரிஸ் ஆற்றில் விழுந்தும் 900க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எதிர்க்கரை அதாமியா, சன்னிகளின் பகுதி. அங்கிருந்து உஸ்மான் அல் உபைதி என்ற சன்னி இளைஞன் ஆற்றில் குதித்தான். ஒருவர் பின் ஒருவராகப் பலரை இழுத்துக் கரை சேர்த்தான். கடைசியில் உடம்பில் தெம்பு இல்லாமல் அவனும் தண்ணீரோடு போய்விட்டான்.

மூடிக் கிடந்த அந்தப் பாலத்தை 2008 நவம்பரில்தான் திறந்தார்கள். இரு கரை மக்களும் அதில் நடந்தார்கள்.

சரி, அடுத்த ஞாயிறும் அதே மேசைக்கு வா. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை நேரிலும் பேச வேண்டும்.

அன்புடன்,
மாமா