மஞ்சள் கொடி மட்டும் போதாது: விளையாட்டுத்துறை அமைச்சுக்கும் மோட்டார் பந்தய ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ் ஹில் திடலில் நடந்த கார்ப் பந்தயத்தில் ஏழு உயிர்கள் போயின. எட்டு வயதுச் சிறுமியும் அவர்களுள் ஒருத்தி. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். புத்தாண்டு விடுமுறையில் நுவரெலியாவுக்குச் சென்று, மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தை அப்பாவின் தோளில் இருந்து பார்த்து வளர்ந்த கொழும்புவாசி நான். ஆகவே பந்தயங்களையே தடைசெய்யுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வராது.

அன்றைய காணொளியைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஒரு கார் ஏற்கனவே பாதையோரம் கவிழ்ந்து கிடக்கிறது. மஞ்சள் கொடிகள் அசைகின்றன. ஆயினும் பந்தயம் தொடர்கிறது. பின்னால் வந்த கார்களில் ஒன்று பாதை விலகிக் கூட்டத்துக்குள் பாய்கிறது. கொடியைக் கண்டதும் வேகத்தைக் குறைப்பது சாரதியின் கடமைதான். ஆனால், ஒருவர் கணப்பொழுதில் எடுக்கும் தீர்மானத்தை மட்டும் நம்பி அத்தனை மனிதர்களையும் பாதையோரம் நிற்கவிட்ட பொறுப்பு சாரதியுடையது அல்ல.

இதே பாடத்தைப் போர்முலா 1 பந்தயமும் பெரும் விலை கொடுத்தே கற்றது. 2014இல் ஜப்பானின் சுசூகாவில், மழைக்கு நடுவே, விபத்துக்குள்ளான ஒரு காரை இயந்திரம் கொண்டு அகற்றிக்கொண்டிருந்தபோது, அங்கே மஞ்சள் கொடிகள் அசைந்துகொண்டிருந்தும், ஜூல்ஸ் பியாங்கியின் கார் வழுக்கிச் சென்று அந்த இயந்திரத்தில் மோதியது. மறு ஆண்டு அவர் இறந்தார். அதன் பின்னரே, எல்லாக் கார்களையும் ஒரே நேரத்தில் கட்டாயமாக மெதுவாக்கும் விதி 2015இல் நடைமுறைக்கு வந்தது. கொடி வேண்டுகோள் விடுத்தது; புதிய விதி கட்டளையிட்டது.

சாரதிகளே பாதுகாப்பை எதிர்ப்பார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. சாரதியின் தலைக்கு மேல் வளையும் ஹேலோ என்ற பாதுகாப்புச் சட்டகத்தை முதலில் எதிர்த்தவர்களுள் போர்முலா 1 சாரதி ரொமெய்ன் குரோஜானும் ஒருவர். 2020இல் பஹ்ரைனில் அவரது கார் தடுப்பில் மோதி, இரண்டாகப் பிளந்து தீப்பற்றியபோது, அதே சட்டகம்தான் அவர் தலையைக் காத்தது. மறுபக்கம், 1966இல் பெல்ஜியத்தில் நொறுங்கிய காருக்குள் பெற்றோலில் நனைந்தபடி ஏறத்தாழ 25 நிமிடம் சிக்கியிருந்த ஜாக்கி ஸ்டுவர்ட்டை, ஸ்டியரிங்கைக் கழற்றப் பார்வையாளர் ஒருவரிடம் ஸ்பானர் இரவல் வாங்கியே சக சாரதிகள் மீட்டார்கள். அதன் பின் தடுப்புகளுக்காகவும் மருத்துவ வசதிக்காகவும் குரல்கொடுத்த அவரைக் கோழை என்றவர்களும் இருந்தார்கள்.

நான் கேட்பது இதுதான். ஒரு வாகனம் கவிழ்ந்து, அதனருகே ஆட்கள் நிற்கும் எந்த வேளையிலும் பந்தயம் உடனே நிறுத்தப்பட வேண்டும். அந்த அதிகாரம் ஏற்பாட்டாளருக்கோ அனுசரணையாளருக்கோ கட்டுப்படாத பாதுகாப்பு அலுவலர் ஒருவரின் கையில் இருக்க வேண்டும். மருத்துவக் குழு தயாராக இல்லையென்று அவர் கண்டால், ஒரு சுற்றுக்கூட ஆரம்பிக்கக் கூடாது. வளைவுகளின் வெளிப்புறத்தில் பார்வையாளரை நிறுத்தவே வேண்டாம். கயிறு கட்டுவது தடுப்பாகாது. மலைநாட்டுப் பந்தயங்களுக்குத் தோட்டப்புறங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தமிழர் வருகிறார்கள் என்பதால், ஆபத்து அறிவிப்புகள் தமிழிலும் ஒலிக்க வேண்டும்.

அடுத்த பந்தயத்துக்கு அனுமதி வழங்குமுன், அதை நிறுத்தும் அதிகாரம் பெற்றவர் யார் என்பதைப் பகிரங்கமாக அறிவியுங்கள்.

இங்ஙனம்,
பந்தய ரசிகன் ஒருவன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.