குன்றின் உச்சியில் இருப்பவன்

அன்புள்ள மகனுக்கு,

கண்புரை எடுத்துக் கட்டு அவிழ்த்ததும் நான் முதலில் பார்க்க விரும்பியது, நீ இலண்டனுக்குப் போன புதிதில் அனுப்பிய பட அட்டையைத்தான். ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸைக் கிரேக்கக் காவிய வீரன் யுலிசிஸ் ஏளனம் செய்யும் காட்சியை ஆங்கில ஓவியர் டர்னர் 1829-இல் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம் அது. அதன் காலை வெயிலின் மஞ்சளை மட்டுமே இத்தனை நாளும் வியந்துகொண்டிருந்தேன். இப்போதுதான் அந்த ஒளிக்குள் கதிரவனின் குதிரைகள் எழுவதும், கப்பலின் முன்னே நெற்றியில் விண்மீன் ஒளிரும் நீர்மகளிர் நீந்துவதும் தெரிகின்றன. கொடியொன்றில் டிராய் நகரத்து மரக்குதிரை உண்டு; அட்டையில் அது வெறும் புள்ளி. அசல் ஆறரை அடி அகலம். நேஷனல் கேலரிக்குக் கட்டணம் இல்லையே, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து எழுது. இருவருமாகப் போங்கள்.

பொங்கலுக்குப் பிறகு நீ பேசிய இரண்டு முறையும் மருமகள் திரைக்கு வரவில்லை. வேலை இருந்திருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நான் எதையும் கேட்கவில்லை. படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

குகைக்குள் தன் பெயர் 'ஒருவனுமில்லை' என்று சொல்லி, அரக்கனுக்கு மது கொடுத்துக் கண்ணைக் குத்தி, ஆட்டுக்கிடாயின் வயிற்றடியில் தொங்கித் தப்பிய யுலிசிஸ், கரை நீங்கிய பிறகு வாயடக்கமின்றித் தன் உண்மைப் பெயரைக் கூவுகிறான். பெயர் தெரிந்ததும் பாலிஃபீமஸ் தன் தந்தையான கடல் தெய்வம் பொசைடனிடம் முறையிடுகிறான்: இவன் வீடு சேரக் கூடாது, சேர்வது விதியானால், காலம் கடந்து, துணைவர் அனைவரையும் இழந்து, பிறர் கப்பலில் சேர வேண்டும். அது அப்படியே பலிக்கிறது. சிறுவயதில் உனக்கு இந்தக் கதையைச் சொன்னபோது தந்திரத்தைச் சொல்லிச் சாபத்தை விட்டுவிட்டேன். நீயே பிறகு படித்திருப்பாய். வகுப்பில் எப்போதும் முதல் மாணவனாயிற்றே.

அரக்கனை டர்னர் மலையா மேகமா என்று பிரித்தறிய முடியாதபடி உச்சியில் மங்கலாக வைத்திருக்கிறார். என் மாணவன் எவனாவது கதையின் முக்கிய ஆளை இப்படி வரைந்திருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன். புதுக் கண்ணால் பார்த்தபோது அவனைத் தவிர வேறெதையும் என்னால் பார்க்க முடியவில்லை.

நீங்கள் புறப்பட்ட இரவில், விமான நிலைய வாசலில், அவள் காதிலும் விழும்படி, "திரும்பி வரும்போது தனியாகத்தான் வருவாய்" என்று சொன்னவன் நான். அம்மா வண்டிக்காரருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த மாதமே இந்த அட்டை வந்தது. பின்புறத்தில் முகவரியைத் தவிர ஒரு சொல்லும் இல்லை. ஓவிய ஆசிரியரான அப்பாவுக்கு மகன் ஓவியம் அனுப்பியிருக்கிறான் என்று தெருவெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன்.

மருமகளிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஐந்து நிமிடம் போதும். எந்த நேரமானாலும் விழித்திருப்பேன். வேளைக்குச் சாப்பிடு. அந்தப் படத்தைப் போய்ப் பார்.

அப்பா