ஆல்பர்ட் என்று மாற்றிக்கொள்ள நினைக்கும் மகனுக்கு

கினியெஸ்னோ, போலந்து

அன்புள்ள வொய்டெக்,

டப்ளின் ஆபீசில் யாருக்கும் உன் முழுப் பெயரான 'வொய்ச்செக்' வாயில் நுழையவில்லை, பேசாமல் ஆல்பர்ட் என்று மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாய். அம்மாவுக்குக் கோபம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. உனக்கு முன்னாலேயே ஒருவர் அதைச் செய்துவிட்டார். நம் கதீட்ரலில் வெள்ளிப் பேழைக்குள் இருக்கிறாரே, அந்தப் புனித ஆயரேதான்!

ஏறத்தாழ 956இல் பொஹேமியாவில் பிறந்தபோது அவருக்கு வைத்தது உன் பெயர்தான். செக் மொழியில் வொய்த்யெக் என்பார்கள். நம் 'வொய்ச்செக்'கில் 'வொய்' என்றால் போர்வீரன், 'செக்' என்றால் மகிழ்ச்சி. போரில் களிப்பவன் என்று வைத்துக்கொள். மாக்டெபுர்க்கில் படிக்கப் போன இடத்தில் உறுதிபூசுதல் என்ற திருச்சடங்கை நடத்திவைத்த பேராயரின் பெயரான அடால்பெர்ட்டைத் தனக்கும் எடுத்துக்கொண்டார். அது சுருங்கியதுதான் உன்னுடைய ஆல்பர்ட். வெளிநாட்டில் இன்றும் அவரை அடால்பெர்ட் என்றால்தான் தெரியும்.

997 ஏப்ரல் 23இல், மறைபரப்பப் போன இடத்தில் பிரஷ்யர்கள் என்ற பால்டிக் இனத்தார் அவரைக் கொன்றார்கள். அப்போது போலந்தை ஆண்ட போலெஸ்வாவ் எடைக்கு எடை பொன் கொடுத்து உடலை மீட்டதாகச் சொல்வார்கள். கதீட்ரலின் வெண்கலக் கதவில் அந்தப் பேரமும் செதுக்கியிருக்கிறது. சின்ன வயதில் அந்தத் தராசைப் பார்க்கத்தான் என்னை இழுத்துக்கொண்டு போவாய். 1000ஆம் ஆண்டில் புனித ரோமானியப் பேரரசர் மூன்றாம் ஓட்டோவே கல்லறையைத் தேடி இங்கே வந்தார். நமக்கென்று பேராயர் ஒருவரின் மறைமாவட்டம் அமைந்ததும் அதையொட்டித்தான்.

இன்னொன்றும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் பழைய ஸ்லாவியப் பெயர்களில் பெரும்பாலானவை வழக்கொழிந்துவிட்டன. 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபை கூட்டிய திரெந்து சங்கத்துக்குப் பிறகு புனிதர்களின் பெயர்களையே வைக்கச் சொன்னார்கள். வொய்ச்செக், ஸ்தானிஸ்வாவ், காசிமியெஷ் மாதிரி புனிதர் ஒருவரும் தாங்கிய பெயர்கள் தப்பித்தன. அந்தச் சண்டைக்காரப் பெயரைக் காப்பாற்றியது கையில் ஆயுதமே எடுக்காத ஓர் ஆயர் என்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பெயருக்கேற்ற வீரன் என்றால் அந்தக் கரடிதான். 1942இல் ஈரானில் நம் சிப்பாய்கள் வாங்கி வளர்த்த வொய்டெக். இரண்டாம் உலகப்போரில், இத்தாலியின் மோன்டே கசினோ சண்டையில் குண்டுப் பெட்டி தூக்கியது. 1963இல் எடின்பரோ விலங்கியல் பூங்காவில் இறந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒரு கரடியை வொய்டெக் என்று கூப்பிட்டார்கள். உன் ஆபீஸ்காரர்கள் உன்னைக் கூப்பிட மாட்டார்களா? முழுப் பெயரை விட்டுவிட்டு இதைச் சொல்லிக் கொடுத்துப் பார்.

அதற்கும் நாக்கு மடங்கவில்லை என்றால் ஆல்பர்ட் என்றே கூப்பிடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. பாஸ்போர்ட்டில் மட்டும் கை வைக்காதே. ஏப்ரல் 23க்கு நாங்கள் போன் செய்வது வொய்டெக்குக்குத்தான். பிறந்தநாளை நீ மறந்தாலும் உன் புனிதரின் திருநாளான பெயர்நாளை அம்மா விடமாட்டாள்.

பிறக்கப்போகும் பேரனுக்கு இந்தப் பெயரை வை என்று நான் கேட்கவில்லை. நீ பள்ளிக்குப் போன காலத்தில் வகுப்புக்கு வகுப்பு ஒரு வொய்டெக் இருந்தான். இப்போது பிறக்கும் பிள்ளைகளின் முதல் பத்துப் பெயர்களில் அது வருவதில்லை. அன்டோனி, யான், நிகோடெம் என்றுதான் வைக்கிறார்கள். யான் வேண்டாம், அங்கே ஜான் ஆக்கிவிடுவார்கள். அன்டோனி என்றால் இரண்டு ஊரிலும் செல்லும். அம்மாவுக்கு நிகோடெம்தான் பிடித்திருக்கிறது. மருமகள் என்ன சொல்கிறாள் என்று கேட்டு எழுது.

அப்பா