ஆகஸ்ட் 1க்கு முன்பே எண்ணிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் குறைவு என்று சொல்லி அரசுத் தொடக்கப் பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு இணைக்கும் பேச்சு எழும்போதெல்லாம் பெற்றோர் திங்கட்கிழமை மனுவோடு கலெக்டர் அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். ஓடத்தான் வேண்டும். ஆனால் அதற்குள் கோப்பில் பாதி வேலை முடிந்திருக்கும்.

எந்தப் பள்ளியும் ஒரே உத்தரவில் சாவதில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி பதிவில் எத்தனை பிள்ளைகள் என்று பார்த்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3 பேர். 61 பேர் 59 ஆனால் ஓர் ஆசிரியர் உபரி. மிஞ்சிய இருவரில் ஒருவரை வேறு இடத்தில் வேலை பார்க்க மாற்றுப்பணிக்கு அனுப்பிவிட்டால், ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு ஒருவரே அல்லாட வேண்டும். அவர் பயிற்சிக்குப் போகிற நாளில் பாடமே கிடையாது. இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கும் பெற்றோர் டி.சி. வாங்கிவிடுகிறார்கள். அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை இன்னும் சரியும். "மாணவர் சேர்க்கை குறைவு" என்று கோப்பில் ஏறிவிடும்; ஏன் குறைந்தது என்பது ஏறாது.

அந்தக் காரணத்தைக் கோப்பில் ஏற்றுவதுதான் பெற்றோரின் முதல் வேலை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். ஆசிரியர் மாற்றுப்பணிக்குப் போன அந்த வாரமே குழுவைக் கூட்டித் தீர்மானப் பதிவேட்டில் எழுதுங்கள்: எந்தத் தேதியில் போனார், பதிலுக்கு யாரும் வந்தாரா, எந்தெந்த வகுப்புக்கு ஆள் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு, நகலை வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து, பெற்றதற்கான முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

அடுத்தது தூரம். தமிழ்நாட்டின் 2011 விதிகளின்படி தொடக்கப் பள்ளி 1 கி.மீ. நடை தூரத்திலும், நடுநிலை வகுப்புகள் 3 கி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். வரைபடத்தில் நேர்கோடு போட்டுப் பார்த்தால் எந்தப் பள்ளியும் பக்கம்தான். நடுவில் நாலுவழிச் சாலையோ மழைக்கு மூழ்கும் தரைப்பாலமோ இருந்தால் அந்தக் கோட்டில் குழந்தை நடக்க முடியாது. அதனால் பள்ளியிலிருந்து அளக்காதீர்கள். ஊரின் கடைசி வீட்டிலிருந்து அளந்து வாருங்கள். பைக் மீட்டர் போதும். புறப்படும்போதும் சேர்ந்தபோதும் மீட்டரைப் படம் எடுங்கள். பிறகு ஆறு வயதுப் பிள்ளையை நடக்கவிட்டு எத்தனை நிமிடம் என்று பாருங்கள். பெரியவர் கால் மணி நேரத்தில் கடக்கும் வழி அந்தப் பிள்ளைக்கு அரை மணி நேரம் ஆகலாம். காலை உணவு வகுப்பு தொடங்குவதற்கு முன்பே பரிமாறப்படுகிறது. தாமதமாகப் போகும் பிள்ளைக்கு அது தவறிவிடும். தூரம் தின்பது அந்தத் தட்டைத்தான்.

பிள்ளைகளின் எண்ணிக்கையும் தூரமும் வழக்கில் எவ்வளவு முக்கியம் என்பதை உத்தரப் பிரதேசம் காட்டியது. 2025 ஜூனில் அங்கே குறைந்த மாணவர்கள் உள்ள பள்ளிகளை இணைக்க உத்தரவு வந்தது. சீதாப்பூர் மாவட்டப் பிள்ளைகள் தரப்பு மனுவை அலகாபாத் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் அரசு காட்டிய ஆவணங்களிலேயே முரண்பாடு தெரிந்ததால், அந்த மாவட்டத்தில் இருந்த நிலையே நீடிக்கட்டும் என்று ஜூலை 24இல் இரு நீதிபதிகள் அமர்வு சொன்னது. 1 கி.மீ.க்கு மேல் தூரமுள்ள பள்ளியையும், 50க்கு மேல் பிள்ளைகள் உள்ள பள்ளியையும் இணைக்க மாட்டோம் என்று அரசும் பிறகு அறிவித்தது.

சேர்க்கையைப் பொறுத்தவரை ஜூனில் வீடு வீடாகப் போவது காலங்கடந்த வேலை. மூன்றரை வயதில் எல்.கே.ஜி. தேடித் தனியார் வேனில் ஏறிய பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குத் திரும்பி வருவது அபூர்வம். தமிழ்நாட்டில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்பு தொடங்கினார்கள். சிறிய தொடக்கப் பள்ளிகளுக்கு அது எட்டவில்லை. என் பார்வையில் அவற்றின் பெரிய ஓட்டை இதுதான். மார்ச்சிலேயே அங்கன்வாடிப் பதிவேட்டைப் பார்த்து, ஜூலை 31க்குள் ஐந்து வயது நிறையும் பிள்ளைகளின் பட்டியலைப் பெயர், தெருவோடு எழுதி வையுங்கள். "வருங்காலத்தில் பிள்ளைகளே இல்லை" என்பதற்கு அந்தப் பட்டியல்தான் பதில்.

இணைப்புப் பேச்சு காதில் விழுந்ததும் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. "ஏன் மூடுகிறீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள்: எந்தத் தேதியின் எண்ணிக்கை, தூரத்தை அளந்த அறிக்கை, சேரும் பள்ளியின் வகுப்பறை, கழிப்பறை எண்ணிக்கை. கிராம சபையில் தீர்மானம் போட்டால், கூட்டம் கலைவதற்குள் அது பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

கல்வித் துறையிடம் ஒரு கோரிக்கை. இணைக்க நினைக்கும் பள்ளிகளின் பட்டியலை, தூரம், எண்ணிக்கை, காலிப் பணியிட விவரத்தோடு, சேர்க்கை தொடங்குவதற்கு முன் அந்தந்தப் பள்ளிச் சுவரிலேயே ஒட்டுங்கள். மேலாண்மைக் குழுவின் எழுத்துப்பூர்வமான கருத்து இல்லாமல் எந்தக் கோப்பும் மேலே போகக் கூடாது.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் ஒருவர்